வெள்ளம், புயல்னு ஓடுற கால்நடை மருத்துவ தன்னார்வலர்களுக்கு மனசளவுல என்ன தயாரிப்பு பண்ணணும்?

தாமிரபரணி_வெட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடி பக்கம் தனியா ப்ராக்டிஸ் பண்ற கால்நடை டாக்டர். வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடி ஒரு தன்னார்வலர் லிஸ்ட் போட்டுட்டு இருக்கோம். பிவிஎஸ்சி (கால்நடை மருத்துவப் படிப்பு) கடைசி வருஷ பிள்ளைங்க, இன்டர்ன்ஷிப்ல இருக்கறவங்க, என்னை மாதிரி ப்ராக்டிஸ்ல இருக்கற கொஞ்சம் பேரு, அப்புறம் டாக்டர் இல்லாத ஆனா தெரு நாய்க்கு தினமும் சோறு வைக்கிற ஆளுங்க. கம்பூட்டு, கயிறு, ஹெட்லைட், ட்ரிப் பாட்டில்னு சாமான் லிஸ்ட் எல்லாம் ரெடி, மனசுக்கு என்ன லிஸ்ட் போடறதுன்னுதான் தெரியல.

ஏன் கேக்கறேன்னா 2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஏரல் ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் ஆறு எது ஊர் எதுன்னு தெரியாம போச்சு. தண்ணி வடிய ஆரம்பிச்சதும் உள்ள போனோம். கட்டுன கயித்தோட முங்கி செத்த மாடுங்க, பட்டியோட போன ஆடுங்க, அதெல்லாம் விவரமா எழுத வேண்டாம்னு நெனைக்கேன். அப்ப எங்ககூட ரொம்ப நல்லா வேலை பாத்த ஒரு தம்பி இந்த வருஷம் லிஸ்ட்டுக்கு கூப்பிட்டா போனே எடுக்க மாட்டேங்கான். இன்னொரு பொண்ணு வாரேன்கா, ஆனா போஸ்ட்மார்ட்டம் பக்கம் மட்டும் போடாதீங்கங்கா. வேலைல ரெண்டு பேரும் ஒரு குறையும் வச்சவங்க இல்ல.

குழுவுல ஒருத்தர் மோட்டிவேஷன் ஸ்பீக்கர கூட்டிட்டு வந்து ஒரு நாள் கிளாஸ் வைப்போம்ங்கறாரு. இன்னொருத்தர் கேம்ப் முடியற அன்னிக்கு சாயங்காலம் எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு பாத்ததையெல்லாம் கொட்டித் தீக்கச் சொல்லணும்ங்கறாரு. இதுல எது உருப்படியானது? களத்துல இருந்தவங்க, மனநலம் பக்கம் வேலை பாக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. "தைரியமா இருங்க"ன்னு மட்டும் யாரும் எழுதிறாதீங்க ப்ளீஸ்.

டெல்டா_மாட்டுடாக்டர் பதில்:

மேடம், நான் பட்டுக்கோட்டை பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு, தென்னை மொத்தமா சாஞ்சது ஊருக்கே தெரியும், அந்தத் தென்னைக்கும் கொட்டகைக்கும் அடியில மாடு ஆடு கெடந்தது அவ்வளவா யாரும் பேசல. கோடியக்கரைல மான் செத்தது மட்டும் பேப்பர்ல வந்துச்சு.

எனக்குத் தெரிஞ்சு பசங்கள ரொம்ப வாட்டுனது செத்த மாடு இல்ல. இடுப்பெலும்பு போயி எந்திரிக்க முடியாம, தண்ணி வச்சா குடிச்சிகிட்டு, தீனி வச்சா ரெண்டு வாய் தின்னுகிட்டு கெடந்த மாடு. அது தேறாதுன்னு நமக்குத் தெரியும். வீட்டுக்காரங்க "ஊசி போட்டு முடிக்க வேணாம் டாக்டர், பால் குடுத்த மாடு, அதுவா போகட்டும்"ம்பாங்க. அவங்கள தப்பு சொல்லவும் முடியாது. அப்ப அந்த மாட்ட தினமும் போயி பொரட்டிப் போட்டு, வலிக்கு ஊசி போட்டு, புண்ணுல ஈ மொய்க்காம பாக்கற வேலை ஒரு இன்டர்ன் தலையில விழும். இருபத்தி ரெண்டு வயசுப் பையன், தன்னால காப்பாத்த முடியல, முடிச்சும் விட முடியல, ராத்திரி வந்து படுத்தா தூக்கம் எங்கேருந்து வரும்?

அதனால நாங்க அப்புறம் கொண்டு வந்த மொத விதி, எந்த மாட்ட காப்பாத்தப் பாக்கறது எதை விடறதுங்கற முடிவு களத்துல நின்னுகிட்டு ஒரு ஆளு எடுக்கக் கூடாது. மழை வர்றதுக்கு முன்னாடியே உக்காந்து எழுதி வச்சிடணும், எந்த மாதிரி காயத்துக்கு என்ன செய்யறதுன்னு. கருணைக்கொலைன்னா ரெண்டு டாக்டர் பாத்து ரெண்டு பேரும் கையெழுத்து. ஸ்டூடண்ட் முடிவும் எடுக்கக் கூடாது, ஊசியும் போடக் கூடாது. வீட்டுக்காரங்க ஒத்துக்கலன்னா அந்த மாடு சீனியர் பொறுப்பு, இன்டர்ன அங்க அனுப்பறதில்ல. இது என்னமோ நிர்வாக விஷயம் மாதிரி தெரியும், ஆனா நீங்க கேட்ட மனசு விஷயம் இதுதான் மேடம், "நான்தான் கொன்னேன்"னு ஒரு பையன் வருஷக்கணக்கா சொமக்காம இருக்கறதுக்கு அந்த ரெண்டு கையெழுத்து போதும்.

ரெண்டாவது, வேலைய மாத்தி மாத்திப் போடுங்க. ஜேசிபி குழி, சுண்ணாம்பு, ப்ளீச்சிங் பவுடர்னு இன்னிக்கு பொதைக்கிற டீம்ல இருந்தவன் நாளைக்கு தடுப்பூசி டீம்ல போகணும். வெள்ளத்துக்கு அப்புறம் தொண்டை அடைப்பான், சப்பை நோய் வராம ஊசி போடறது, வைக்கோல் கட்டு தவிடு எறக்கறது, குளம்பு அழுகல் பாக்கறது, இதெல்லாம் உசுரோட இருக்கற மாட்டுக்குச் செய்யற வேலை. நாள் முழுக்க ஊசி போட்டுட்டு வர்றவன் மூஞ்சியும் நாள் முழுக்க குழிகிட்ட நின்னுட்டு வர்றவன் மூஞ்சியும் ஒண்ணா இருக்காது, நீங்களே பாத்திருப்பீங்க. திடமான ஆளுன்னு ஒருத்தனையே தொடர்ந்து குழிக்கு அனுப்பறது எல்லா கேம்ப்லயும் நடக்குது. உங்க தம்பி போன் எடுக்காததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், அவன் நல்லா வேலை பாத்தான்னு சொல்றீங்கள்ல, அதனாலயே அவனுக்கு அதிகமா விழுந்திருக்கும்.

மூணாவது போட்டோ. நிவாரணத்துக்கு போட்டோ வேணும், சரி. அதுக்குன்னு வாட்சப் குரூப்ல செத்த மாட்டு படமா வந்து விழுந்தா வீட்ல சாப்பிட உக்காந்திருக்கறவன் போன்லயும் அது வரும். ஒரே ஒரு போன், ஒரே ஒரு ஆளு, அந்தப் படம் தாசில்தார் ஆபீசுக்குப் போறதோட சரி, குரூப்புக்கு வரக் கூடாது.

ஓய்வுபெற்ற_ஏடி பதில்:

எங்க காலத்துல கவுன்சலிங்னு ஒரு வார்த்தையே கெடையாது, வேலை பாத்தோம். நான் கால்நடைத் துறையில ஏடி, அதாவது உதவி இயக்குனரா இருந்து ஓய்வு பெற்றவன், 2004 சுனாமிக்கு நாகப்பட்டினத்துல டூட்டி பாத்தவன். இப்ப எதுக்கெடுத்தாலும் ட்ராமாங்கறாங்க, அதுல எனக்கு அவ்வளவா ஒப்புதல் இல்ல.

ஆனா ஒரு விஷயம் சொல்லணும், இத யாருமே பசங்களுக்கு முன்கூட்டி சொல்றதில்ல. மாடு பாக்கத்தான போறோம்னு வருவாங்க. பேரிடர் நடந்த எடத்துல மனுஷ ஒடம்பும் இருக்கும்யா. நாகப்பட்டினத்துல நாங்க மாட்டை தேடிப் போன எடத்துல எல்லாம் அதுதான். டாக்டருக்குப் படிக்கிறவனுக்காவது காலேஜ்ல சவத்த காட்டிருப்பாங்க, நம்ம பசங்களுக்கு அது கெடையாது. மொத நாளே உக்கார வச்சு வெளிப்படையா சொல்லுங்க, பாத்தா தொடாத, போலீசுக்கோ தீயணைப்புக்கோ சொல்லு, அங்கயே நிக்காம விலகி வா, வந்து உங்க லீடர்கிட்ட சொல்லுன்னு. தெரிஞ்சு போறவன் தாங்கிக்குவான்.

இன்னொண்ணு சோறு, தூக்கம். பசங்க ஆர்வத்துல பிஸ்கட்டும் டீயும் குடிச்சிட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் நிப்பாங்க. மூணாம் நாளு ஒருத்தன ஒருத்தன் கடிச்சுக்குவான், அத மனசுப் பிரச்சனைன்னு சொல்லுவீங்க, அது பசி. சமையலுக்குன்னு தனியா ஒரு ஆள் போடுங்க, பொழுது சாஞ்சா வேலைய நிறுத்துங்க. ராத்திரி அசதிக்குன்னு பாட்டில் தொறக்கற பழக்கம் எங்க செட்லயே சில பேருக்கு அப்ப ஆரம்பிச்சு ஓய்வு வரைக்கும் போனது, கேம்ப்ல அது கூடவே கூடாது. வெறிநாய்க்கடி தடுப்பூசி வர்ற எல்லாருக்கும் முன்னாடியே போட்டிருக்கணும். எலிக்காய்ச்சலுக்கு 2018 கேரள வெள்ளத்தப்ப இறங்குனவங்களுக்கெல்லாம் டாக்ஸிசைக்ளின் குடுத்தாங்க, நீங்களும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கிட்ட கேட்டு ஏற்பாடு பண்ணுங்க. நமக்கு என்ன வருமோங்கற பயம் உள்ளுக்குள்ள ஓடிட்டே இருந்தா அதுவே ஆளப் பாதி சாப்பிட்டுடும்.

சமூகப்பணி_மதுரை பதில்:

நான் மனநல சமூகப்பணியாளர், பேரிடர் முகாம்கள்ல வேலை பாத்திருக்கேன், கால்நடை பக்கம் அனுபவம் கெடையாது, அத மேல இருக்கறவங்க நல்லாவே சொல்லிருக்காங்க.

மொதல்ல அந்த வட்டமா உக்கார வச்சு கொட்டச் சொல்றது. வேண்டாம். சம்பவம் நடந்த கையோட எல்லாரையும் கட்டாயமா உக்கார வச்சு பாத்ததையெல்லாம் விவரிக்கச் சொல்ற ஒரே தடவை டீப்ரீஃபிங் முன்னாடி உலகம் பூரா பண்ணிட்டு இருந்தாங்க, அப்புறம் 2002ல காக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வு அமைப்போட ரிவ்யூ எல்லா ஆய்வையும் சேத்து பாத்துட்டு இதனால பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்கு அப்புறம் நீடிக்கற மனநோய்) கொறையலைன்னு சொல்லிடுச்சு, சில பேருக்கு கூடுதலா பாதிச்சதாவும் இருந்துச்சு. உலக சுகாதார நிறுவனமும் அத பண்ணாதீங்கன்னுதான் சொல்லுது. அதுக்குப் பதிலா 2011ல அவங்களே உளவியல் முதலுதவின்னு ஒரு கையேடு போட்டாங்க, அதோட சாரம் மூணே வேலை, பாரு, கேளு, உதவி கெடைக்கற எடத்தோட கோத்து விடு. பேசணும்னு தோணறவன் பேசுவான், அப்ப கேக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கணும். தோணாதவன தோண்டக் கூடாது. ஒரு நாள்ல கத்துக்கலாம், மோட்டிவேஷன் ஸ்பீக்கருக்குக் குடுக்கற காச இந்த ட்ரெயினிங்குக்குப் போடுங்க.

சாயங்காலம் கூடறதே தப்புன்னு சொல்ல வரல. கூடுங்க, டீ குடிங்க, நாளைக்கு யாரு எங்க, என்ன மருந்து தீந்துச்சு, எந்த ரோடு தொறந்துச்சுன்னு பேசுங்க. ஜோடி போட்டு அனுப்புங்க, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கவனிச்சுக்கணும், இவன் இன்னிக்கு சாப்பிடலையே, வழக்கமா பேசறவன் பேசலையேன்னு. லீடர்கிட்ட சொல்லக் கூச்சப்படறத ஜோடிகிட்ட சொல்லுவாங்க.

ஏடி சாருக்கு ஒண்ணு. ட்ராமான்னு இப்ப எல்லாத்துக்கும் சொல்றாங்கங்கறது எனக்கும் உடன்பாடுதான் சார். பெரும்பாலானவங்களுக்கு தூக்கம் கெடறது, நாத்தம் மூக்குலயே நிக்கற மாதிரி இருக்கறது, காரணமில்லாம எரிச்சல் வர்றது எல்லாம் சில வாரத்துல தானா அடங்கிடும், அது நோய் இல்ல. ஒரு மாசம் தாண்டியும் விடாம, வேலை படிப்பு வீடுன்னு எல்லாத்தையும் கெடுத்தா அப்ப டாக்டர பாக்கணும். ஆனா நீங்களே உங்க செட்ல குடி ஆரம்பிச்சு ஓய்வு வரைக்கும் போனத சொல்றீங்களே, அதுதான் சார் இந்த பேரு தெரியாத காலத்து கணக்கு.

டெல்டா டாக்டர் சொன்ன அந்த முடிவெடுக்கற விஷயத்துக்கு எங்க பக்கம் மாரல் இஞ்சுரிம்பாங்க, தன் மனசாட்சிக்கு ஒவ்வாதத செய்ய வேண்டி வந்ததால படற காயம். 2001ல இங்கிலாந்துல கோமாரி பரவுனப்ப 60 லட்சத்துக்கும் மேல கால்நடைய கொன்னாங்க, நோயே இல்லாததும் அதுல நெறைய. கம்ப்ரியா பகுதியில விவசாயிங்க, கால்நடை டாக்டருங்கன்னு பல பேர வாராவாரம் டைரி எழுதச் சொல்லி ஒரு ஆய்வு பண்ணி 2005ல வெளியிட்டாங்க. கெட்ட கனவு, காட்சி திரும்பத் திரும்ப வர்றது, அரசாங்கத்து மேல இருந்த நம்பிக்கை போனதுன்னு அதுல வந்துச்சு. சாவ பாத்ததோட நிக்கல, இது சரியாங்கற சந்தேகத்தோட கையால செஞ்சது அறுத்துட்டே இருந்திருக்கு. அதனால முடிவு விதிய எழுதும்போது ஸ்டூடண்ட்ஸையும் கூட வச்சு எழுதுங்க, ஏன் இந்த விதின்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கணும்.

கொஞ்சம் கஷ்டமான விஷயம், ஆனா சொல்லாம விட முடியாது. கால்நடை மருத்துவர்கள்ல தற்கொலை பொதுமக்கள விட அதிகம்னு பல நாட்டு ஆய்வுல வந்திருக்கு, அமெரிக்காவுல 1979லேருந்து 2015 வரைக்கும் பாத்ததுல ஆண்களுக்கு 2.1 மடங்கு, பெண்களுக்கு 3.5 மடங்கு. அதனால கேம்ப் மருந்துப் பெட்டிய ரெண்டு பேர் பொறுப்புல பூட்டி, கணக்கு எழுதி வைங்க, யார் மேலயும் சந்தேகப்பட்டு இல்ல, வழக்கமாவே அப்படி. யாருக்காவது ரொம்ப முடியலன்னா டெலி மனஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர் 14416, இருபத்தி நாலு மணி நேரமும், தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. இந்த நம்பர பேட்ஜ் பின்னாடியே அடிச்சிருங்க.

யாரு தாங்குவா யாரு தாங்க மாட்டான்னு முன்கூட்டி கண்டுபிடிக்க டெஸ்ட் எதுவும் நம்பற மாதிரி கெடையாது, அந்த வழிக்குப் போகாதீங்க. சமீபத்துல வீட்ல சாவு நடந்தவங்க, வெள்ளத்துல தன் வீடே போனவங்க, இவங்களுக்கு கேம்ப்ல இருந்து பாக்கற வேலை வேணுமான்னு நீங்களா கேளுங்க. அந்தப் பொண்ணு போஸ்ட்மார்ட்டம் வேணாம்னு சொன்னது ரொம்ப ஆரோக்கியமான விஷயம், காரணம் கேக்காம ஏத்துக்கங்க.

ஏரல்காரி பதில்:

டாக்டரம்மா நான் மாடு வச்சிருக்கற வீட்டுப் பிள்ளை, டாக்டர் எல்லாம் இல்ல. அந்த வெள்ளத்துல எங்களுக்கு ரெண்டு கறவ மாடு போச்சு, ஆடு எத்தனைன்னு எங்கம்மா இன்னும் எண்ணிட்டேதான் இருக்கா. எங்க பக்கத்துலேருந்து ஒண்ணு சொல்லுதேன்.

உங்க பசங்ககிட்ட சனங்க சில எடத்துல கத்திருப்பாங்க, அது உங்க மேல உள்ள கோவம் இல்ல. ராத்திரி தண்ணி ஏறுனப்ப பிள்ளைகள தூக்கிட்டு மாடிக்கு ஓடுனோம், கயித்த அவுத்து விட நேரமில்ல. மறுநாள் டாக்டர் வந்ததும் எங்கப்பா மொதல்ல கேட்டது, அவுத்து விட்டிருந்தா பொழைச்சிருக்குமாங்கறதுதான். வந்த தம்பிக்கு என்ன சொல்லன்னு தெரியாம அப்படியே நின்னுச்சு, அதுக்கே கண்ணு கலங்கிட்டு. பக்கத்துல இருந்த பெரிய டாக்டர் அப்பா பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, "அண்ணாச்சி, அந்த இழுப்புக்கு அவுத்து விட்ட மாடும் நெறைய போயிருக்கு, நீங்க பிள்ளைகள காப்பாத்தினீங்க"ன்னாரு. அது மட்டுந்தான் சொன்னாரு. எங்கப்பா அதுக்கு அப்புறம்தான் அழுதாரு. இந்தக் கேள்வி எல்லா வீட்லயும் வரும்கா, பசங்களுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துருங்க, பொய்யும் சொல்லாம குத்தமும் சொல்லாம என்ன பதில் சொல்லணும்னு.

அப்புறம் குழியில தள்ளறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் குடுங்க. எங்கம்மா மஞ்ச குங்குமம் வச்சு ஒரு சேலைய போத்தி விட்டா, ஜேசிபி டிரைவர் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு எறங்கி நின்னாரு. வேற தெருவுல அது கெடைக்கல, குப்பை அள்ளற மாதிரி அள்ளிட்டுப் போனாங்கன்னு இன்னும் பேசுதாங்க. அந்த அஞ்சு நிமிஷம் உங்க பசங்களுக்கும் நல்லதுன்னுதான் எனக்குத் தோணுது, அந்த தம்பியும் கூட நின்னு கும்பிட்டுச்சு.

இன்டர்ன்_இப்போ பதில்:

இந்த வருஷம் லிஸ்ட்ல பேர் குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன், வேற மாவட்டம். எங்களுக்கு பயமே நிவாரணத்துக்குக் கேக்கற சாவு சர்டிபிகேட் விஷயம்தான். 2023 வெள்ளத்துக்கு செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய்னு அரசு அறிவிச்சுச்சு, ஆனா ஆடு தண்ணியோட போயிட்டா ஒடம்பு இல்ல, ஒடம்பு இல்லாம எப்படி போஸ்ட்மார்ட்டம். பத்து ஆடு போன பாட்டி நம்ம கைய புடிச்சிட்டு எழுதிக் குடு ராசாங்கறாங்க. நாங்க எழுதவும் முடியாது, கையெழுத்து அரசு டாக்டர் போடணும். டீ-ஷர்ட் போட்டிருந்தா எங்களயே அதிகாரின்னு நெனைக்கறாங்க. சீனியர்ஸ் இதுக்கு என்ன பண்ணுவீங்க?

டெல்டா_மாட்டுடாக்டர் பதில்:

தம்பி, டீ-ஷர்ட்ல "தன்னார்வலர்"னு பெருசா தமிழ்ல அடிச்சிடுங்க, பாதி பிரச்சனை போயிடும். மீதிக்கு ஒவ்வொரு டீம்லயும் விஏஓ நம்பரும் அந்தப் பகுதி கால்நடை உதவி மருத்துவர் நம்பரும் வச்சிருக்கணும், அந்தப் பாட்டி பேரு, ஊரு, எத்தனை ஆடு, பக்கத்து வீட்டு சாட்சி யாருன்னு ஒரு நோட்டுல எழுதி சாயங்காலம் அவங்ககிட்ட ஒப்படைக்கறது உங்க வேலை. கெடைக்கும்னு வாக்கு குடுக்காத. "எழுதிட்டேன் பாட்டி, இன்னார்கிட்ட குடுப்பேன்"னு சொல்லலாம், அது உண்மை. கைய விரிச்சிட்டு வர்றதுக்கும் எழுதிட்டு வர்றதுக்கும் ராத்திரி படுக்கும்போது வித்தியாசம் தெரியும்.

தாமிரபரணி_வெட் பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. ஏரல்காரி தங்கச்சி, உன் பதில பிரிண்ட் எடுத்து ட்ரெயினிங்ல படிக்கப் போறேன், உனக்கு சம்மதம்னா சொல்லு, இல்ல நீயே வந்து பேசுனா இன்னும் நல்லது.

ஸ்பீக்கர் ஐடியாவ விட்டாச்சு. உளவியல் முதலுதவி ட்ரெயினிங்குக்கு ஆள் தேடறேன், சமூகப்பணி மேடம் உங்களுக்கு தனியா மெசேஜ் போட்டிருக்கேன் பாருங்க. முடிவு விதி எழுதறதுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை உக்காரலாம்னு இருக்கோம், இன்டர்ன்ஸும் வர்றாங்க. ஏடி சார், சமையலுக்கு ஒரு அண்ணாச்சி கெடைச்சிட்டாரு.

அந்த தம்பிக்கு வரச் சொல்லி போன் பண்றத நிறுத்திட்டேன். லிஸ்ட் விஷயம் எதுவும் இல்லாம சும்மா எப்படி இருக்கன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், 14416 நம்பரும் சேத்து அனுப்பிருக்கேன். கேட்டிருக்கான், ப்ளூ டிக் வந்துச்சு. இன்னும் பதில் இல்ல. அவனோட ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தன் தெரிஞ்சவன், அவன்கிட்ட பேசறது சரியா, இல்ல அது அவன் தலைக்கு மேல போயி விசாரிக்கற மாதிரி ஆயிடுமா? மேடம் இதுக்கு மட்டும் இங்கயே சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.

சமூகப்பணி_மதுரை பதில்:

பேசலாம். ஆனா அவனுக்கு தெரியாம வேண்டாம். "உன் ரூம்மேட்ட பாத்தா விசாரிப்பேன், கோவிச்சுக்காத"ன்னு அவனுக்கே ஒரு வரி போட்டுட்டு பேசுங்க. ரூம்மேட்கிட்ட கேக்க வேண்டியது சாப்பிடறானா, தூங்கறானா, காலேஜ் போறானா, தனியா அடைஞ்சு கெடக்கறானா, இவ்வளவுதான், வெள்ளத்தப் பத்தி ஒண்ணும் கெளற வேண்டாம். இதுல ஏதாவது சரியில்லன்னு தெரிஞ்சா, இல்ல சாகறத பத்தி ஏதாவது பேசுறான்னா, காத்திருக்காதீங்க, அன்னிக்கே யாராவது நேர்ல போயி கூட இருங்க, எனக்கும் போன் பண்ணுங்க. நம்பர் மெசேஜ்ல அனுப்பறேன்.